கை ஊன்றாமல் விழுந்தவன்

கால்பந்து சங்கக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டு அத்தனை ஆட்டக்காரர்களையும் நடுங்க வைத்துக்கொண்டிருந்த மனிதருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

அறையின் ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருக்கும். நான்கு ஸ்க்ரீன்கள், ஒரு மைக், படத்தை ஒவ்வொன்றாக முன்னும் பின்னும் நகர்த்த உருண்டையாக ஒரு திருகு. சனி ஞாயிறில் நடந்த ஆட்டங்களில் யார் யார் விழுந்தார்களோ அத்தனை பேரும் திங்கட்கிழமை காலையில் அவர் முன்னால் மறுபடியும் விழுவார்கள். மற்றவர்கள் எல்லாரும் ஒரு விழுதலை முதலில் இருந்து பார்ப்பார்கள். இவர் முடிவிலிருந்து பார்ப்பார். புல்லில் கிடக்கும் ஆளில் தொடங்கி, திருகைப் பின்பக்கமாகத் திருப்பி, பன்னிரண்டு படம் வரைக்கும் போவார். அந்தப் பன்னிரண்டுக்குள் எதிராளியின் கால் எங்காவது பட்டிருந்தால் பிழைத்தான். படவில்லையா, நடிப்பு. முதல் தடவை இரண்டு ஆட்டம் தடை, இரண்டாவதற்கு ஐந்து, மூன்றாவதற்கு அந்தப் பருவமே காலி.

விழுவது மட்டுமல்ல, சீண்டலும் அவர் இலாகாதான். எதிரணி ரசிகர்களைப் பார்த்துக் காதைக் குவிப்பது, கன்னத்தில் தட்டுவது, கண்ணடிப்பது எல்லாவற்றுக்கும் தண்டனை உண்டு. பெனால்ட்டி அடிக்க வந்தவன் முகத்துக்கு நேராகக் கொட்டாவி விட்டதற்காக ஒரு கோல்கீப்பருக்கு மூன்று ஆட்டம் தடை போட்டவர் அவர். "தூக்கம் வந்துச்சு சார்" என்று அந்த அப்பாவி கெஞ்சினான். நிஜக் கொட்டாவி என்றால் கண்ணில் தண்ணீர் கட்டும், உனக்குக் கட்டவில்லை என்று படத்தைப் பெரிதாக்கிக் காட்டி அனுப்பிவிட்டார்.

மூவாயிரம் விழுதல்களுக்கு மேல் பார்த்தவர். அதில் ஒரு விஷயம் அவருக்கு அத்துப்படி. நடிக்கிறவன் எப்போதும் முகத்தைக் காப்பாற்றிக்கொள்வான். கை முன்னால் போய் ஊன்றும், தாடை மேலே போகும். நிஜமாகவே தடுக்கி விழுகிறவனுக்கும் கை முன்னால் போகும், அது உடம்பின் குணம். கை ஊன்றாமல் ஒருவன் விழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். விழும்போது அவன் அங்கே இல்லை. அவர் மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்த காலத்தில், உச்சி வெயிலில் ஒரு கோட்டு நடுவர் அப்படித்தான் கொடியோடு சாய்ந்தார். மூக்கு உடைந்து, முன்பற்கள் இரண்டு போன பிறகுதான் கண் திறந்தார்.

ஆமாம், மில்லிமீட்டர் முன்பு நடுவர். நல்ல நடுவர் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள், பத்து வருடத்துக்கு முந்தைய அந்த இறுதிப்போட்டி வரைக்கும். கடைசி நிமிடம். கோல் பக்கத்தில் இருபத்திநாலு வயசுப் பையன் ஒருவன் பறந்து விழுந்தான். இவர் விசில் ஊதிப் பெனால்ட்டி கொடுத்தார். அவனே அடித்துக் கோலாக்கினான். அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. கோல் அடித்துவிட்டு ஓடி வந்தவன் இவர் கன்னத்தைச் செல்லமாகத் தட்டிவிட்டு, கேமராவைப் பார்த்துக் கண்ணடித்தான். அன்று இரவே உலகம் பூராவும் பார்த்தது. அவன் பக்கத்தில் இரண்டு கை தூரத்துக்கு ஒருவனும் இல்லை.

காற்று பட்டாலே விழுகிறான் என்று அவனுக்குக் காத்தாடி என்று பெயர் வந்தது. அந்தப் பெயரை அவன் பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தான். இவருக்கு வந்ததைத்தான் சொல்லக் கூசும். ஒன்பது வயது மகள் பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தால், எதிரே வருகிற பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தொப்பென்று விழுந்து, "பெனால்ட்டி! பெனால்ட்டி!" என்று கத்தின. அவள் வீட்டுக்கு வந்து குளியலறையைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். இவர் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அடுத்த வருடம் நடுவர் பட்டியலில் இவர் பெயர் இல்லை.

கறுவிக்கொண்டே இருந்தார். ஏழு வருடம் கழித்துச் சங்கம் வீடியோ அறை தொடங்கியபோது முதல் விண்ணப்பம் இவருடையது. விதிகளை இவர்தான் தன் கைப்பட எழுதினார். அதில் ஒரு விதியின் மேல் அவருக்குத் தனி ஆசை. ஒருமுறை நடிப்புக்குத் தண்டனை வாங்கியவன் பட்டியலில் ஏறுவான். பட்டியலில் இருப்பவன் ஆட்டத்தின் நடுவே விழுந்தால், அறையிலிருந்து மில்லிமீட்டரின் குரல் நடுவரின் காதில் பட்டதா இல்லையா என்று சொல்லி அனுமதியும் கொடுக்கும்வரை ஒருவரும் அவனை நெருங்கக்கூடாது. டாக்டரும் கூடாது, ஸ்ட்ரெச்சரும் கூடாது. பொய் வலிக்கு ஸ்ட்ரெச்சர் வரவழைத்து நேரம் கடத்துகிறார்களாம், அதைத் தடுக்க. பதில் எட்டு, பத்து நொடியில் வந்துவிடும். அதுவரை மைதானமே கோரஸாக எண்ணும். ஒன்று, இரண்டு, மூன்று. ஜனங்களுக்கு அது கோலைவிடப் பிடித்துப்போயிற்று.

இந்தப் பருவத்தின் இரண்டாவது வாரத்திலேயே காத்தாடி சிக்கினான். முப்பத்திநாலு வயது, முட்டியில் பட்டை, ஆனால் பழைய புத்தி போகவில்லை. பச்சை நடிப்பு. இரண்டு ஆட்டம் தடை, பட்டியலில் பெயர். அன்று ராத்திரி மில்லிமீட்டர் வழக்கத்துக்கு மாறாக இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டார்.

எட்டாவது வாரத் திங்கட்கிழமை கிளிப் அக்கா அவரைக் கூப்பிட்டார். ஆட்டங்களிலிருந்து விழுதல்களை வெட்டி எடுத்துத் தருவது அக்காவின் வேலை. கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு மேஜை பூராவும் தேடுகிற ரகம், ஆனால் ஸ்க்ரீனில் ஒரு கொசு பறந்தாலும் தப்பவிடமாட்டார்.

"சார், இதைப் பாருங்க. காத்தாடி விழறாரு. ஆனா கை வரல."

அவர் அதற்கு முன்பே பார்த்துவிட்டார். பந்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தவன் அப்படியே முகத்தால் புல்லில் இறங்கினான். இரண்டு கையும் பக்கவாட்டில் சும்மா தொங்கின. மூன்று நொடி அசையவில்லை. பிறகு தலையை உதறிக்கொண்டு எழுந்தான், சுற்றுமுற்றும் பார்த்தான், தான் எங்கே இருக்கிறோம் என்று புரிந்துகொண்டான். புரிந்ததும் என்ன செய்தான் தெரியுமா? பக்கத்தில் எதிராளி நிற்பதைப் பார்த்து, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு "ஐயோ" என்று உருண்டான். அவன் பிறவிக்குணம் அது.

படிவத்தில் 'விழுந்ததற்குக் காரணம்' என்ற இடத்தில் மூன்று கட்டம் உண்டு. நடிப்பு, வழுக்கல், உடல்நிலை. உடல்நிலையில் ஒரு கோடு போட்டால் ஃபைல் நேரே டாக்டருக்குப் போகும், அவர் சரி என்று சொல்லும்வரை ஆட்டக்காரன் மைதானத்தில் கால் வைக்க முடியாது. மில்லிமீட்டர் பேனாவைத் திறந்தார், மூடினார்.

"நீங்க சாப்பிடப் போங்கக்கா. நான் பார்த்துக்கறேன்."

அக்கா போன கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டிக்கொண்டு காத்தாடியே வந்து நின்றான். விசாரணைக்கு முன்னால் ஆட்டக்காரன் அந்த அறைக்கு வரக்கூடாது என்பது விதி. உதடு வீங்கியிருந்தது, மூக்குத் தண்டில் தோல் வழண்டிருந்தது. பத்து வருடத்தில் இரண்டு பேரும் நேருக்கு நேர் நிற்பது அதுதான் முதல் தடவை.

"சார், ஒரு ரெண்டு நிமிஷம்."

"சொல்லு."

"நடிப்புன்னு போட்டுடுங்க."

மில்லிமீட்டருக்கு ஒரு கணம் காது அடைத்தது. எத்தனையோ பேர் இந்த அறை வாசலில் நின்று நடிப்பு இல்லை என்று அழுதிருக்கிறார்கள். நடிப்பு என்று போடச் சொல்லி ஒருத்தனும் வந்ததில்லை.

"மூணு மாசமா இருக்கு சார்," என்றான் காத்தாடி. "கரண்ட் போயிட்டு வர்ற மாதிரி. ரெண்டு செகண்ட், மூணு செகண்ட். அப்புறம் சரியாயிடும். வீட்ல கூடச் சொல்லல. நீங்க உடல்நிலைன்னு போட்டா ஃபைல் டாக்டர்கிட்ட போயிடும். என் வயசுக்கு ஒரு தடவை டாக்டர் கைக்குப் போனா திரும்பி வராது. நடிப்புன்னா அஞ்சு மேட்ச்தானே. உக்காந்துட்டு வந்துடுவேன். இந்த சீசனை மட்டும் முடிச்சுக்கறேன் சார், அப்புறம் நானே போய்க் காட்டிக்கறேன்."

"நெஞ்சுல ஏதாவது?"

"சில நேரம் படபடன்னு அடிக்கும்."

இந்த இடத்தில் நல்ல மனிதன் என்ன செய்வான் என்று எல்லாருக்கும் தெரியும். மில்லிமீட்டருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அவர் காதில் குழாய்த் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜையில் வைத்தார்.

"எழுது."

"என்ன சார்?"

"நேத்து மேட்ச்ல மட்டும் இல்ல, அந்த ஃபைனல்லயும் வேணும்னேதான் விழுந்தேன்னு எழுது. நடுவர் மேல தப்பு இல்லன்னு எழுது. நான் எல்லாருக்கும் காட்டுவேன். அப்புறம் நீ கேட்டதைப் போடறேன்."

காத்தாடி அவரைப் பார்த்தான். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை.

"அதையா சார் இன்னும் வச்சிருக்கீங்க? விளையாட்டுல நடந்ததை…"

"எழுதறியா, டாக்டரைக் கூப்பிடட்டுமா?"

எழுதினான். குண்டு குண்டான எழுத்து, ஆரம்பப் பள்ளிப் பிள்ளையின் எழுத்து மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. 'நான் வேண்டுமென்றே விழுந்தேன்' என்று தொடங்கி, ரசிகர்களுக்குத் தன் படங்களின் கீழே போட்டுக் கொடுக்கிற சுழித்த கையெழுத்தோடு முடித்தான். வாசல்வரை போனவன் திரும்பி, "ரொம்ப நன்றி சார்" என்றான். அதில் நையாண்டி இல்லை. அதுதான் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் உறுத்தியது.

அக்கா திரும்பி வந்து படிவத்தைப் பார்த்தார். நடிப்பு என்ற கட்டத்தில் கோடு அழுத்தமாக விழுந்திருந்தது.

"சார், கை வரலியே?"

"அவனே எழுதிக் குடுத்துட்டான். பாருங்க."

"அவர் எழுதினா கை ஊன்றினதா ஆயிடுமா?"

"அக்கா, வெட்டறது உங்க வேலை. பார்க்கறது என் வேலை."

அக்கா கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு தன் நாற்காலிக்குப் போய்விட்டார்.

அந்தக் கடிதம் இரண்டு நாள் எல்லா இடத்திலும் ஓடியது. பத்து வருடம் கழித்து நடுவருக்கு நீதி என்று எழுதினார்கள். பழைய கிளிப்பை மறுபடியும் போட்டார்கள், இந்தத் தடவை அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். மில்லிமீட்டர் கடிதத்தைப் படம் எடுத்து, வேறு ஊரில் கல்லூரியில் படிக்கிற மகளுக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "இது யாருப்பா?"

விளக்கி எழுதினார். பள்ளிக்கூட வராந்தா, பிள்ளைகள் விழுந்தது, எல்லாவற்றையும் எழுதினார். "ஓ, அதுவா. நான் மறந்தே போயிட்டேன்ப்பா" என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தாள். அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

ஐந்து ஆட்டமும் முடிந்து காத்தாடி திரும்பி வந்த நாள் ஞாயிற்றுக்கிழமை மதியம். நேரடி ஆட்டம் என்றால் மில்லிமீட்டர் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார், அக்கா பக்கத்து ஸ்க்ரீனில். எழுபத்தோராவது நிமிடம். நடு மைதானத்தில், பந்து இன்னும் அவனிடம் வந்து சேராத நேரத்தில், காத்தாடி ஓடிக்கொண்டிருந்தவன் விழுந்தான். சுற்றிலும் வெறும் புல். இரண்டு கையும் பக்கவாட்டில் தொங்க, முகம் முதலில் தரையைத் தொட்டது.

மைதானம் வெடித்துச் சிரித்தது. எண்ணிக்கை ஆரம்பமாயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று.

நடுவர் காதைத் தொட்டுக்கொண்டார். "பட்டுச்சா சார்?"

மில்லிமீட்டருக்குத் திருகைத் தொடவே தேவையில்லை. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஆனாலும் கை பழக்கதோஷத்தில் திருகைப் பின்னால் திருப்பியது. பன்னிரண்டு படம். ஒருத்தரும் இல்லை.

"படல," என்றார்.

"கார்டு?"

அவர் மைக் பட்டனிலிருந்து விரலை எடுத்தார். டாக்டரை அனுப்பு என்று இரண்டு சொல் சொன்னால் போதும். சொன்னால் நாளைக் காலையில் கேட்பார்கள். எப்படித் தெரியும்? கை ஊன்றவில்லை. போன தடவையும் ஊன்றவில்லையே, அப்போது என்ன எழுதினாய்? அந்தக் கடிதத்தை எப்படி வாங்கினாய்? மூன்று நொடியில் ஒரு மனிதனால் இவ்வளவும் யோசிக்க முடியுமா என்று கேட்காதீர்கள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள என்றால் இதைவிடவும் முடியும்.

எழுந்துவிடுவான் என்று நினைத்தார். போன தடவை மூன்று நொடியில் எழுந்தான். எழுந்திருடா, எழுந்து கணுக்காலைப் பிடிடா, உருளுடா என்று மனசுக்குள் மன்றாடினார். அந்தப் பழைய திருட்டுத்தனத்தைப் பார்க்க அவர் அவ்வளவு ஏங்கியது அன்றைக்குத்தான். எண்ணிக்கை இருபதைத் தாண்டியது.

"சார், பட்டனை அமுக்குங்க," என்றார் அக்கா.

"இருங்க. இன்னொரு ஆங்கிள் பார்க்கணும்."

"ஆங்கிளா?"

"சரியாத் தெரியல."

மூவாயிரம் விழுதல் பார்த்தவர் சரியாகத் தெரியவில்லை என்றார். மைதானத்தில் நடுவர் பொறுத்துப் பார்த்தார். படவில்லை என்று பதில் வந்தாயிற்று, ஒப்புக்கொண்ட நடிகன் வேறு. சட்டைப் பையிலிருந்து மஞ்சள் கார்டை எடுத்து, குப்புறக் கிடந்தவனின் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார். கைதட்டல் மைதானமே அதிர்கிற மாதிரி எழுந்தது. நாற்பத்திரண்டு, நாற்பத்திமூன்று.

அக்கா எட்டி, பட்டனைத் தானே அமுக்கினார். "டாக்டரை அனுப்புங்க! சீக்கிரம்!"

"யாரு பேசறது?" என்றார் நடுவர். "சாரைப் பேசச் சொல்லுங்க. சார் குரல் வந்தாதான் நான் ஆளை விட முடியும்."

அக்கா மைக்கை மில்லிமீட்டர் பக்கம் தள்ளினார். அவர் அதைப் பார்த்தார். கை மறுபடியும் திருகுக்குப் போயிற்று. அக்கா போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார், மைதானத்து டாக்டரின் நம்பரை யார் யாரிடமோ கேட்டுக் கத்தினார். கோட்டுக்கு வெளியே டாக்டர் பையோடு நின்றுகொண்டுதான் இருந்தார், விதி அவரைப் பிடித்து நிறுத்தியிருந்தது.

கடைசியில் விதியை மீறியவன் எதிரணி கோல்கீப்பர், கொட்டாவிக்குத் தடை வாங்கிய அதே பையன். அவன் தன் இடத்தை விட்டு நடு மைதானம்வரை ஓடி வந்து காத்தாடியைப் புரட்டிப் போட்டான். முகத்தைப் பார்த்தான். கையுறை போட்ட இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினான். எண்ணிக்கை நூற்றுப் பன்னிரண்டில் நின்றது.

காத்தாடி சாகவில்லை. நெஞ்சை அமுக்கி அமுக்கித் துடிப்பைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். மூளைக்கு ரத்தம் போகாமல் இருந்த நேரம்தான் கூடிப்போயிற்று. ஒரு நிமிடம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னதாகப் பேசிக்கொண்டார்கள். கண் திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை. கையும் காலும் வைத்த இடத்தில் கிடந்தன.

சங்கம் விசாரணை வைத்தது. மில்லிமீட்டர் கொடுத்த அறிக்கை இரண்டே வரி. 'படத்தைப் பார்த்துச் சொல்லும்படி என்னிடம் கேட்கப்பட்டது, பட்டதா என்பது மட்டுமே. படவில்லை என்று சொன்னேன்.' கூடவே காத்தாடியின் பழைய கடிதத்தின் நகலை வைத்தார். இப்படி எழுதிக் கொடுத்தவனைப் பற்றி அறை வேறு என்னதான் நினைக்க முடியும் என்று உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். அக்காவை யாரும் கூப்பிடவில்லை. வெட்டுகிறவர்களைக் கூப்பிடுகிற வழக்கம் அங்கே கிடையாது. இனிமேல் அறை முப்பது நொடிக்குள் அனுமதி தராவிட்டால் டாக்டர் தானாக உள்ளே போகலாம் என்று விதியில் ஒரு வரி சேர்த்தார்கள். அந்த வரியையும் மில்லிமீட்டரே எழுதிக் கொடுத்தார், அழகான நடையில்.

ஆறு வாரம் கழித்து ஒரு காலையில் காத்தாடியின் மனைவி மூன்று மாடி ஏறி வந்தாள். கையில் ஆஸ்பத்திரி ஃபைல், இன்னொரு கையில் ஆறு வயதுப் பெண் குழந்தை. குழந்தை பள்ளிச் சீருடையில் இருந்தது.

"உக்காருங்கம்மா," என்றார் மில்லிமீட்டர்.

அவள் உட்காரவில்லை. "அந்த மஞ்சள் கார்டை எடுத்துடணும் சார். நடிப்பு இல்லன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாப் போதும். வேற ஒன்னும் வேண்டாம்."

"ஆட்டம் முடிஞ்சுபோச்சே. இப்ப எதுக்கும்மா?"

அவள் குழந்தையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, இரண்டடி முன்னால் வந்து குரலைத் தாழ்த்தினாள். "இவ நம்ப மாட்டேங்கறா சார். கார்டு குடுத்தாங்கல்ல, அப்ப அப்பா சும்மாதான் விழுந்திருக்காருங்கறா. ஆஸ்பத்திரியில கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு எண்ணுறா. ஒன்னு, ரெண்டு, மூணுன்னு. நூறு வரைக்கும் எண்ணிட்டு, போதும்ப்பா எந்திரிங்க, எல்லாரும் பார்த்தாச்சுன்னு கன்னத்துல தட்டறா. தினமும் சார். என்னால கேக்க முடியல. நீங்க எழுதிக் குடுத்தா இவகிட்ட காட்டுவேன். கார்டு குடுத்த மாமாவே தப்புன்னு சொல்லிட்டாருன்னு சொல்லுவேன்."

அக்கா வேலையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

மில்லிமீட்டர் பேனாவைக் கையில் எடுத்தார். அவருக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆறு வாரமாக அவர் தூங்கவில்லை. ஒரு தாள், ஒரு வரி, ஒரு கையெழுத்து. ஆனால் கார்டைத் திரும்பப் பெறுகிற படிவத்தில் காரணம் என்ற இடம் உண்டு. அதில் கை ஊன்றவில்லை என்று எழுத வேண்டும். எழுதினால் எட்டாவது வாரத்து ஃபைல் தானாகத் திறந்துகொள்ளும். இந்த அறை போகும், திருகு போகும், பத்து வருடம் கழித்துக் கிடைத்த நல்ல பேரும் போகும்.

"விதிப்படி," என்று ஆரம்பித்தார். குரல் பழைய உறுதிக்குத் திரும்பியது. "விதிப்படி கார்டை எடுக்கணும்னா ஆட்டக்காரரே கையெழுத்துப் போட்டு மனு குடுக்கணும்மா."

"அவரால விரலைக்கூட அசைக்க முடியாது சார்."

"புரியுது. ஆனா வேற யாரும் குடுக்க முடியாது. அதுவும் இல்லாம…" அவர் இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தார். இதைக் காட்டிவிட்டால் இவள் மேற்கொண்டு பேசமாட்டாள், போய்விடுவாள் என்று அவருக்குத் தெரியும். விசாரணையில் எல்லார் வாயையும் அடைத்த தாள் அது. மேஜையில் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். "இது அவரே எழுதிக் குடுத்தது. இது இருக்கிறப்ப நான் என்ன பண்ண முடியும் சொல்லுங்க."

அவள் அதைப் பார்க்கவில்லை. அவள் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது.

"அம்மா, அப்பா எழுத்து!"

இப்போதுதான் கூட்டி வாசிக்கப் பழகுகிற குழந்தை. அதற்குத் தோதாக எழுத்துகளும் குண்டு குண்டாக, தனித்தனியாக நின்றன. தாய் கையை நீட்டுவதற்குள் குழந்தை விரலை வைத்து ஆரம்பித்துவிட்டது.

"நான்… வே… வேண்… வேண்டுமென்றே… விழு… விழுந்தேன்."

வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்தது. முகம் பூராவும் சந்தோஷம்.

"பாத்தியாம்மா! நான்தான் சொன்னேன்ல! அப்பா வேணும்னுதான் விழுந்திருக்காரு!"

தாய் ஃபைலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, குழந்தையின் கையைப் பற்றி வெளியே நடந்தாள். அக்கா எழுந்து, தலையில் இருந்த கண்ணாடியை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனார். திரும்பி வரவில்லை.

மாடிப்படியில் குழந்தையின் குரல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போகணும், இன்னைக்கு இருநூறு வரைக்கும் எண்ணப் போறேன் என்று அது சொல்லிக்கொண்டே இறங்கியது. மில்லிமீட்டர் தாளை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.